காலி டாங்கியின் முள்

2022ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஹட்டன் நகரப் பெற்றோல் வரிசையில் நாற்பத்து மூன்றாவதாக நின்ற மொரிஸ் மைனர் காரின் பெற்றோல் மீட்டர் முள், டாங்கியில் ஒரு சொட்டும் இல்லாத நிலையில், முழு டாங்கி என்று காட்டியது. வரிசை நகர்ந்து கார் பத்தடி முன்னே தள்ளப்பட்டதும் பூச்சியத்துக்கு விழுந்தது.

கார் சோலைமலையுடையது. அறுபத்தாறு வயது, தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரை வாங்கிய 1996ஆம் ஆண்டிலிருந்தே அந்த முள்ளை அவர் நம்பியதில்லை. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்றைச் சீவி டாங்கிக்குள் விட்டு அளப்பார். மூன்று நாட்களுக்கு முன் டாங்கியில் மிஞ்சியிருந்த ஆறு லீற்றரையும் அவரே கேனில் இறக்கி, நகரத்துக்குக் கீழே மூன்று கிலோமீற்றரில் உள்ள தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருந்த மகள் நிலக்ஷிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவள் நிறைமாதம். வரிசையில் இடம் போகாமல் இருக்கக் கார் இங்கே நிற்க வேண்டும்; பெற்றோல் கொண்டுவந்து ஊற்றுகிறவர்களுக்கு மட்டுமே அந்த வாரம் ஓட்டோ ஓடியது. கேன் அவளுடைய கட்டிலுக்கு அடியில் சாக்கு போர்த்தி இருந்தது.

பின்னால் நின்ற ஓட்டோக்காரன் லோஜன் ஒன்பது நாட்களாக வரிசையில் இருந்தான். முள் ஏறி இறங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தவன் காரைப் பத்தடி பின்னால் தள்ளச் சொன்னான். மீண்டும் ஏறியது. அந்த இடத்துக்கு நேரே ஒரு இரும்புக் கடை இருந்தது. வரிசையில் நின்றவர்கள் கடப்பாரையால் கதவை நெம்பியபோது சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பீப்பாய் பெற்றோல் இருந்தது. கடைக்காரரின் தாடை இரண்டு இடங்களில் உடைக்கப்பட்டது. பெற்றோல் போத்தல் கணக்கில், வரிசைப்படியே பகிரப்பட்டது, யாரும் முந்தவில்லை.

மறுநாளிலிருந்து வரிசையில் நின்ற நாற்பது பேர் அந்தக் காரைத் தெருத் தெருவாகத் தள்ளிப் போனார்கள். சோலைமலை ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் நாள் மாட்டேன் என்றதற்கு இரண்டு பற்கள் போயின; இரண்டாம் நாள் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. முள்ளுக்கு அளவு தெரியாது. பீப்பாய் என்றாலும் போத்தல் என்றாலும் முழுதாகவே காட்டும். வியாழக்கிழமை அது ஓய்வுபெற்ற ஆசிரியர் இராமையாவின் வீட்டுக்கு முன்னால் நிமிர்ந்தது. அவரிடம் புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருந்த கால் போத்தல்தான் இருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அவர் இறந்தார். அதன் பிறகு அவருடைய லீக்ஸ் பாத்தி முழுவதையும் தோண்டிப் பார்த்தார்கள். மறுநாள் அதே வீட்டைக் கடந்தபோது முள் பூச்சியத்தில் கிடந்தது. முள் பொய் சொல்லவில்லை என்று லோஜன் விளக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை நிலக்ஷி இருந்த கீழ்த் தோட்டத்து லயங்களைப் பார்ப்பது என்று முடிவானது. சோலைமலை பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி, சனிக்கிழமை காரை அம்ஜத்தின் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனார். அம்ஜத் டாங்கியின் மிதவையைக் கழற்றினார், வயரை வெட்டினார், பெற்றரியை எடுத்தார், கடைசியில் மீட்டரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். முள் முழுதில் நின்றது.

"மீட்டர்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. மேல் தட்டுல என்ட பெற்றோல் போத்தல் ஒண்டு இரிக்கி. அதத்தான் காட்டுது. முள்ளப் புடுங்கிரவா?"

"புடுங்குனா ஒன் கையையும் சேத்துப் புடுங்கிருவானுக. முள்ளு இருக்கணும் தம்பி. அசையக் கூடாது."

அம்ஜத் முள்ளைப் பூச்சியத்துக்கு இழுத்து, அரிசி அளவு ஈயம் வைத்துப் பற்றவைத்து, கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினார். கூலி வாங்கவில்லை.

ஞாயிறு காலை முள் எங்கேயும் அசையவில்லை. எரிச்சலில் வழியில் இரண்டு பேரின் மண்டையை உடைத்தார்கள். தோட்டத்துக்குள் இறங்கி மூன்றாம் லயத்துக்கு முன்னால் வந்தபோது கார் நின்றது. அது இறக்கம், பிரேக் போடப்படவில்லை. நாற்பது பேரும் தோள் கொடுத்தார்கள். சில்லுகள் சேற்றுக்குள் இறங்கினவே தவிர உருளவில்லை.

"முள்ளு கெடக்குது, விடுங்கடா. காரே காட்டுது," என்றான் லோஜன்.

முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு கதவாக உடைத்து வந்தார்கள். ஆறாவது நிலக்ஷியுடையது. அவளுக்கு விடியற்காலையிலிருந்தே வலி; ஓட்டோ இன்னும் வரவில்லை. சோலைமலை இறங்கி வாசலில் போய் நின்றார்.

"அது என் பெட்ரோலுங்க. மக பிரசவத்துக்கு நான்தான் எறக்கிக் குடுத்தேன். என்னைய அடிங்க, உள்ள மட்டும் போகாதீங்க."

அடித்தார்கள். ஜாக்கிக் கம்பி பட்டு அவருடைய மூன்று விலா எலும்புகள் முறிந்தன. லோஜன் அவரைத் தாண்டி நிலைக்கட்டையில் கை வைத்தபோது, உள்ளே நின்ற நிலக்ஷியின் கணவன் துஷாந்த் கவ்வாத்துக் கத்தியை இறக்கினான். வலக்கையின் நான்கு விரல்கள் வாசற்படியில் விழுந்தன. கூட்டம் துஷாந்தை வெளியே இழுத்து இடது முழங்கையை உடைத்தது. லோஜனின் மணிக்கட்டில் சட்டையைக் கட்டினார்கள், இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீற்றர். அவனுடைய ஓட்டோ ஹட்டனில் காலியாக நின்றது. அவனை எதில் கொண்டுபோவது என்று கூட்டத்தில் சச்சரவு வந்தது.

உள்ளேயிருந்து நிலக்ஷியின் குரல்தான் அதற்கு முடிவு சொன்னது. "கேன எடுத்து அப்பா கார்ல ஊத்துங்க. அவனையும் ஏத்துங்க. எனக்கு நேரமில்ல."

ஊற்றினார்கள். நாற்பது பேர் தள்ளி அசையாத கார் ஒரே திருகலில் கிளம்பியது. சோலைமலை விலாவைப் பிடித்தபடி ஓட்டினார். துஷாந்த் முன்னால் இருந்தான். பின் இருக்கையில் நிலக்ஷியும் லோஜனும். அவளுடைய பனிக்குட நீரும் அவனுடைய இரத்தமும் ஒரே இருக்கையில் ஊறின. தோட்டத்துப் பாலத்தில் ஏறும்போது ஈயத்தால் பற்றவைத்த முள் மெதுவாக எழுந்து, கால் டாங்கி அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. முப்பது லீற்றர் டாங்கியில் ஆறு லீற்றருக்கு அதுதான் சரியான இடம்.

பதினொன்று இருபதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். லோஜனின் விரல்களை யாரும் எடுத்து வராததால் பொருத்த முடியவில்லை. அம்ஜத் பிறகு மீட்டரைத் திறந்து பார்த்தார். ஈயம் வைத்தபடியே இருந்தது. முள் அதனூடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூடி வைத்துவிட்டார்.

இராமையா கொலை வழக்கில் லோஜன் உட்பட ஏழு பேரும், விரல் வழக்கில் துஷாந்தும் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகள். இரண்டு வழக்குகளுக்கும் ஒரே நாளில் நீதிமன்றத் தவணை விழுகிறது. பிணையில் வந்திருக்கும் லோஜனும் துஷாந்தும் சோலைமலையின் காரில்தான் போய் வருகிறார்கள்.