திருமதி சின்னபொண்ணு கூறியதாவது

"நம்ம டீம்லயே ஒரு லோக்கல் பொண்ணு இருக்கா சார்" என்று பூஜா அந்தக் கிரஷர் கம்பெனி மேனேஜரிடம் போனில் சொன்ன அன்றைக்கே இளமதி சுதாரித்திருக்க வேண்டும். எங்கே சுதாரித்தாள்? பெருமை தாங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இடம் நுங்கம்பாக்கம். கண்ணாடிச் சுவரும் ஏசி குளிருமாக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம். யாருக்காவது பெயர் கெட்டுப்போனால் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தருவது அவர்கள் தொழில். இளமதி பல்கலைக்கழகத்தில் முதுகலை படிப்பதும் அதே மக்கள் தொடர்புதான். கடைசிப் பருவம் முழுக்க இப்படி ஓர் இடத்தில் வேலை பழகி, சான்றிதழ் கொண்டுவந்து நீட்டினால்தான் பட்டம். உத்திரமேரூர்ப் பக்கம் நெல் பயிரிடும் வீராசாமியின் மகளுக்கு நுங்கம்பாக்கத்தில் இடம் கிடைத்ததே பெரிய பாடு. பூஜா அங்கே மேலாளர். பயிற்சிக்கு வந்தவர்களின் தலையெழுத்து அவள் கையில் இருந்தது.

அந்தக் கிரஷர் இளமதியின் ஊர் எல்லையில்தான் இருக்கிறது. பாறையை வெடிவைத்துப் பிளந்து ஜல்லியாக்கும் ஆலை. அதற்கும் ஊருக்கும் நடுவே இருளர் காலனி. கோடையில் வைத்த ஒரு வெடியில் காலனியின் தொகுப்பு வீடு ஒன்றில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து, கீழே படுத்திருந்த பிள்ளைக்குக் கை ஒடிந்துவிட்டது. காலனி ஆட்கள் டிப்பர் லாரிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தை முடியும்வரை வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

இதெல்லாம் நடந்தபோது இளமதி சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். வீராசாமிதான் போனில் சொன்னார். "காலனில எதோ புள்ளைக்கு கை ஒடஞ்சிச்சாம்மா. ரோட்ட மறிச்சிக்கினு ஒரே பேஜாரு. நம்ம டிராக்டர் அந்தாண்ட மாட்டிக்கினு கீது."

எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. டிராக்டர் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

கெட்ட பெயரைத் துடைக்கத்தான் கிரஷர்காரர்கள் ஏஜென்சிக்கு வந்தார்கள். காலனிக்கு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி வைத்துக் கொடுப்பது, அதைப் பத்திரிகைகளில் வரவைப்பது என்று முடிவாயிற்று. செய்திக்குறிப்பு எழுதும் வேலை இளமதிக்கு வந்தது. நிர்வாகம் சொன்னது ஒரு பத்தி, தொட்டியின் கொள்ளளவு ஒரு பத்தி, பயனாளி சொன்னது ஒரு பத்தி. இதுதான் அங்கே அச்சு. எந்த ஊராக இருந்தாலும், எந்தத் தொட்டியாக இருந்தாலும் அதே அச்சு.

"பயனாளிகிட்ட நேர்ல கேக்க வேணாமா மேடம்?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

"உன் ஊர்தானே? அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? இப்ப அவங்க சொன்னதா ஒரு கோட் எழுதிப் போடு. அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம்."

காலனியில் இளமதிக்குத் தெரிந்த பெண் ஒருத்திதான். அவர்கள் கழனியில் நாற்று நட வரும் சின்னபொண்ணு. எப்போதும் சிரித்த முகம். பெயர் எழுத்தில் பார்க்கவும் அழகாக இருந்தது. பிறகென்ன, கை தானாக ஓடியது.

'இதுகுறித்துத் திருமதி சின்னபொண்ணு கூறியதாவது: கிரஷர் வந்த பிறகுதான் எங்கள் பகுதிக்கு விடிவு பிறந்தது. பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.'

அந்தக் கடைசி வாக்கியம் யாரும் கேட்டு எழுதியதில்லை. பத்தி மொட்டையாக நிற்கிறதே, ஒரு முடிப்பு வேண்டுமே என்று இவளாகச் சேர்த்தது. திருமதி என்று வேறு! இளமதியின் வீட்டில் ஒருவர்கூட அவளை அப்படி அழைத்ததில்லை. தன் அம்மா வயதுப் பெண்ணை இளமதியே "ஏ சின்னபொண்ணு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஒப்புதல் மறுநாளே வந்தது. கிரஷர் மேனேஜர் புருஷோத்தமனிடமிருந்து. ஒருவர் சொன்னதாக எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியே விட வேண்டும் என்று வகுப்பில் சுகிர்தா மேடம் நடத்தியிருந்தார். தேர்வில் அதை எழுதி இளமதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். ஏஜென்சியிலோ ஒப்புதல் என்றால் காசு கொடுப்பவரின் ஒப்புதல். வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வீராசாமிக்கு ஒரு போன் போட்டிருந்தால் சின்னபொண்ணின் புருஷன் முருகேசனின் நம்பர் கிடைத்திருக்கும். போடவில்லை. காலனி ஆட்களை வரச் சொல்வதும் போகச் சொல்வதும் அவள் வீட்டில் உண்டு. அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு செய்கிற வழக்கம் இல்லை. முதுகலையால் அதை மாற்ற முடியவில்லை.

செய்தி மூன்று பத்திரிகைகளில் வந்தது. பூஜா எல்லோர் முன்னிலும் கைதட்டினாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுகிர்தா மேடம் ஒரு இதயம் போட்டார்.

பேச்சுவார்த்தை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. படம் பிடிக்க இளமதியையும் பூஜா காரில் கூட்டி வந்தாள். முன்வரிசையில் புருஷோத்தமன், ஊர்ப் பெரியவர்கள், அவர்களோடு வீராசாமி, எதிரே மேசைக்குப் பின்னால் வருவாய்த் துறை அம்மாள். நடுவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் காலனி ஆட்கள் பின்சுவரை ஒட்டியே நின்றார்கள். கேமராவின் வழியே அவர்களைப் பார்த்தபோதுதான் இளமதி சின்னபொண்ணைக் கண்டாள். அவள் இடுப்பை ஒட்டி அவள் மகள் சித்ரா நின்றிருந்தாள். கட்டு பிரித்த பிறகும் அந்தப் பிள்ளையின் இடது கை முழங்கையோடு மடங்கியே இருந்தது.

எதோ புள்ளை. இதுதான் அந்தப் புள்ளை. இளமதி கேமராவை இறக்கினாள்.

புருஷோத்தமன் பத்திரிகையை விரித்தார். "மேடம், பாதிக்கப்பட்ட குடும்பமே என்ன சொல்லியிருக்குன்னு படிக்கிறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல் சொல்லாகச் சுவைத்துப் படித்தார். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை."

இந்த ஆளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. சின்னபொண்ணு யார், எந்தப் பிள்ளையின் அம்மா என்று தெரிந்துதான் உடனே ஒப்புதல் அனுப்பியிருக்கிறார். இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. ஆனால் அவர் படித்த ஒவ்வொரு எழுத்தும் இவள் எழுதியதல்லவா, அதற்கு யாரைக் கடிப்பது?

"நான் எவங்கிட்டயும் சொல்லலம்மா" என்றாள் சின்னபொண்ணு, மேசையைப் பார்த்து. "எங்கிட்ட யாரும் வந்து கேக்கவே இல்ல."

"சொல்லாம பேப்பர்ல சும்மா போடுவானா?" என்றார் புருஷோத்தமன்.

பின்சுவரிலிருந்து காலனிப் பையன் அஜய் கத்தினான். "அதத்தான் நாங்களும் கேட்டுக்கினு கீறோம். இன்னாத்த வாங்கிக்கினு சொன்னே? எல்லாரையும் ரோட்ல உக்கார வெச்சிட்டு, நீ மட்டும் குறையில்லன்னு சொல்லிக்கினியா?"

சின்னபொண்ணு திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் சித்ராவைத் தவிர யாரும் இல்லை. முருகேசன்கூட நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான். வருவாய்த் துறை அம்மாள் இரைச்சல் அடங்கட்டும் என்று தேநீர் இடைவேளை விட்டார்.

இளமதி பூஜாவை வாசலுக்கு இழுத்துப் போனாள். "மேடம், அது நான் எழுதினது. தப்பா வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க."

"எது தப்பு? வந்து இத்தனை நாளாச்சு, யாராவது மறுத்தாங்களா? மறுக்காத கோட் உண்மையான கோட். இதுதான் வேலை, கத்துக்கோ." பூஜா போனைத் தட்டிக்கொண்டே பேசினாள். "நீ நேத்து எழுதின ரெண்டாவது செய்திக்குறிப்பு ரெடியா இருக்குல்ல? பேச்சுவார்த்தையில் சுமுக முடிவு. நிருபர் ஆல்பர்ட் கூப்பிட்டா அதைப் படிச்சிடு."

ஆமாம், அதையும் இளமதிதான் எழுதியிருந்தாள். கூட்டம் தொடங்கும் முன்பே அது முடிந்த செய்தி அவள் பையில் இருந்தது.

சுகிர்தா மேடத்துக்குப் போன் போட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "தப்புதான்மா. ஆனா உன் பேர் அதுல எங்கயும் இல்லையே. சர்டிபிகேட் கைக்கு வரட்டும், அப்புறம் ஒரு கட்டுரையா எழுது. நல்ல கேஸ் ஸ்டடி."

அந்த நொடியில் இளமதிக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் பூஜாமேல்கூட வரவில்லை. பூஜாவாவது நல்லவள் மாதிரி நடிக்கவில்லை. இவர் தெரிந்தவர், சொல்லிக்கொடுத்தவர். போனை வைத்தாள்.

"பாப்பா."

பின்னால் சின்னபொண்ணு நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் இளமதி பார்த்ததே கிடையாது.

"மெட்ராஸ்ல இதுதான படிக்கிற? உங்க நைனா சொன்னாரு. அந்தப் பேப்பருக்காரங்ககிட்ட கொஞ்சம் விசாரிச்சி சொல்லேன் பாப்பா. எவன் எம்பேர்ல அத எழுதினான்னு தெரிஞ்சா போதும். எங்காளுங்க என் வூட்டுத் தண்ணி கூட வாங்க மாட்டேன்றாங்க."

இளமதி பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான்தான் எழுதினேன்."

சின்னபொண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடித்திருந்தால் இளமதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்கம்மா கூப்ட்டனுப்பினா கஞ்சியக் கூட குடிக்காம ஓடியாருவேனே. உங்க வூட்டுக்கும் எங்க காலனிக்கும் எவ்ளோ தூரம்? ஒரு வார்த்த கேக்க உனக்கு காலு இல்லையா? எம் புள்ள கையப் பாத்துமா குறையில்லன்னு எழுதின?"

"சித்ராவுக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? ஊரே தெரிஞ்சிக்கினு கீது, உனக்குத் தெரியாதா? கேட்டியா நீ?"

கேட்கவில்லை. டிராக்டரைத்தான் கேட்டாள்.

சின்னபொண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்றுப் பிடுங்கிப் பழகிய கை, இரும்பாக இருந்தது. தரதரவென்று கூடத்துக்குள் இழுத்துப்போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினாள். இளமதி வீரத்தோடு எழுந்து உண்மையைச் சொன்னாள் என்று யாராவது பின்னால் கதை கட்டினால் நம்ப வேண்டாம். அவளை இழுத்துக்கொண்டு வந்துதான் நிறுத்தினார்கள்.

"சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லு."

"அது இவங்க சொன்னது இல்ல மேடம்" என்றாள் இளமதி. "நான் ஆபீஸ்ல உக்காந்து எழுதினேன். யாரையும் கேக்கல. இவர் ஓகேன்னு மெயில் அனுப்பினார். எங்கிட்ட இருக்கு."

புருஷோத்தமன் பூஜாவைப் பார்த்தார். பூஜா எழுந்து, கொஞ்சமும் தடுமாறாமல் சிரித்தாள். "மேடம், இந்தப் பொண்ணு எங்க ஸ்டாஃப் கிடையாது. வெறும் இன்டர்ன். இன்னையோட அதுவும் இல்ல."

போயிற்று சான்றிதழ். அத்தனை நாளும் எதற்குப் பயந்தாளோ அது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முன்வரிசையில் வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது இளமதியின் போன் அடித்தது. நிருபர் ஆல்பர்ட். செய்திக்குறிப்பின் அடியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று இவள் நம்பரைத்தான் போட்டிருந்தார்கள், லோக்கல் பொண்ணாயிற்றே. "என்னம்மா, சுமுகமா முடிஞ்சுதா? அந்தச் சின்னபொண்ணு அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"பக்கத்துலதான் இருக்காங்க சார். அவங்களே பேசுவாங்க."

பூஜா போனைப் பிடுங்க வந்தாள். அதற்குள் அது சின்னபொண்ணின் காதுக்குப் போய்விட்டது.

"யாருங்க? பேப்பருங்களா? எழுதிக்கோங்க. நான் குறையில்லன்னு சொல்லவே இல்ல. எம் புள்ளைக்கி கை நிமிர மாட்டேன்னுது. வெடி வெச்சா வூடு ஆடுது. வெடி நிக்கணும். அவ்ளோதான் நான் சொல்றது." நிறுத்தினாள். பிறகு, "இப்ப எழுதினத எனக்குப் படிச்சிக் காட்டுங்க" என்றாள்.

இளமதி ஸ்பீக்கரைப் போட்டாள். ஆல்பர்ட் படித்தார். எல்லோருக்கும் கேட்டது.

"வருத்தம் தெரிவிச்சாங்கன்னு இன்னாத்துக்குப் போடறீங்க? நான் வருத்தப்படல. கோவமா கீறேன். அதப் போட்டு மறுபடி படிங்க."

மறுபடி படித்தார். சரி என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வருவாய்த் துறை அம்மாள் மெயிலின் நகலை வாங்கிக்கொண்டு, தானே வந்து வீடுகளைப் பார்க்கும்வரை ஒரு வெடியும் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைந்தது. பூஜாவின் கார் இளமதியை ஏற்றிக்கொள்ளாமலே போயிற்று. கேட்ட பிறகும் காலனி ஆட்கள் சிலர் சின்னபொண்ணை விட்டுத் தள்ளியே நடந்தார்கள். மேசைக்கு முன்னால் பேசியதைக் காலனியில் பாதிப்பேர்தான் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் கேட்டது பேப்பரில் வந்தது மட்டும்தான்.

"நாளைக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன் அக்கா" என்றாள் இளமதி.

"அக்காவும் வாணாம் ஒண்ணும் வாணாம். நாளைக்கு இன்னாத்துக்கு? இப்பவே வா."

பிறந்து வளர்ந்த ஊரில் இளமதி முதல் தடவையாகக் காலனிப் பாதையில் இறங்கினாள். கிரஷர் தூசி படிந்து வேலிக் கருவேலம் வெளுத்துக் கிடந்தது. சின்னபொண்ணு திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். முதல் வீட்டு வாசலில் நின்று, கதவைக் காட்டினாள்.

"நான் வீராசாமி மக..." என்று தொடங்கினாள் இளமதி.

"அது தெரியும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "இன்னா பண்ணினேன்னு சொல்லு."