தன்னைப் பற்றி மூன்று வாக்கியம்

செயிண்ட் பால் நகரத்தில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில், 2006 பிப்ரவரி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு வாசெங் லோர் இரண்டு விரற்கடை தரைக்குள் இறங்கினார். தரைப்பலகை உடையவில்லை. சேற்றில் கால் வைத்தது போல் தரை அவரை வாங்கிக்கொண்டது. நடந்தால் வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. மேலே மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் அவர் எழுந்து நின்று சொன்னது 'நான் கடும் உழைப்பாளி' என்ற ஆங்கில வாக்கியம். லோர் குலத்தாரான நாங்கள் சொல்வது இது, மற்ற குலத்தார் வேறு மாதிரி சொல்வார்கள். மலைநாட்டிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் மக்களான எங்களில் யாருமே தன்னைப் புகழ்ந்து பேசுவதில்லை. லோர் குலத்தில் அது இன்னும் கண்டிப்பு. முழுப் பன்றியை அடித்து விருந்து வைத்தாலும், "ஒண்ணுமில்லீங்க, வெறும் சோறுதான்" என்று சொல்லித்தான் உட்கார வைப்போம்.

தாய்லாந்து அகதி முகாமிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அரசு உதவி வாங்குகிறவர் வாரம் இருபது மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் நேர்காணலுக்குத் தயாராகி வேலையில் சேர வேண்டும். இல்லையென்றால் ஏப்ரலில் வாடகை உதவி நின்றுவிடும். வீட்டில் மனைவி ஷுவாவும் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியை லிண்ட்குவிஸ்ட் அம்மையார் கெட்டவர் அல்ல. தினமும் தன்னைப் பற்றி மூன்று நல்ல வாக்கியம், அதில் வாரம் ஒன்று புதிதாக, சொன்னால் பயிற்சி முடிந்தது என்று படிவத்தின் கட்டத்தில் குறி போடுவார். பழைய வாக்கியத்துக்குத் தரை அசையவில்லை, புதியதற்குத்தான் அவர் இறங்கினார். ஒருவர் தரைக்குள் போனால் குறி போட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லாததால் எங்கேயும் போடவில்லை. இரண்டாம் வாரம் சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே கூரையில் ஒரு ஜோடி பூட்ஸ் நடந்து போவதைப் பார்த்தார்கள். வாசெங்கின் குடியிருப்பில் கீழ்வீட்டுச் சோமாலியக் குடும்பம், பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்தது. அடுத்தவர் தலைக்கு மேல் தன் கால் தொங்குகிறதே என்று வாசெங்தான் வெட்கத்தில் அறைக்குள் நடப்பதைக் குறைத்துக்கொண்டார்.

"சும்மா வாய்லதான சொல்லச் சொல்றாங்க பெரியப்பா, நெஞ்சுல ஏத்திக்காதீங்க" என்றாள் வகுப்பில் மொழிபெயர்க்கும் ஸியா வாங்.

"வாங் குலத்துப் பொண்ணுக்கு அது சும்மா. எனக்கு கணுக்கால் போயிருச்சு, பாத்தியா?"

சொன்னது உண்மையா பொய்யா என்று தரை பார்க்கவில்லை. அவர் மெய்யாகவே கடும் உழைப்பாளி. முகாமில் கல்லைப் பெயர்த்துப் பயிர் வைத்தவர். அதனாலும் இறக்கம் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

எங்களில் பெண் கேட்கப் போகும் மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. கறுப்புக் குடையில் கோடு போட்ட துணி சுற்றி எடுத்துக்கொண்டு போகும் தூதர் அவனுக்காகப் பேசுவார். ஆகவே மார்ச் முதல் வாரம் வாசெங்கின் ஒன்றுவிட்ட அண்ணன் சோங்பாவ், நாற்பது கல்யாணம் பேசி முடித்தவர், குடையோடு வகுப்புக்கு வந்தார். குனிந்து வணங்கி, குடையைச் சுவரில் சாய்த்து, தம்பியின் உழைப்பையும் கத்தி பிடிக்கும் கையையும் கால் மணி நேரம் ராகம் போட்டுச் சொன்னார். ஸியா ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள். வாசெங் ஒரு இழைகூட இறங்கவில்லை. லிண்ட்குவிஸ்ட் அம்மையார் கண் கலங்கக் கேட்டுவிட்டுத் தலையசைத்து ஏதோ சொன்னார்.

"இவ்வளவு அழகா யாரும் பேசிக் கேட்டதில்லையாம்" என்றாள் ஸியா. "ஆனா அவரே சொன்னாத்தான் குறி போட முடியுமாம்."

"பொண்ணு வீட்டுலகூட இப்படி வெக்கங்கெட்டுக் கேக்க மாட்டாங்க. எந்திரி தம்பி, போலாம்."

"போனா ஏப்ரல்ல புள்ளைங்கள எங்கண்ணே படுக்க வெப்பேன்? உங்க குடைக்கடியிலயா?"

சோங்பாவ் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். தம்பி தன்னைப் புகழ்ந்துகொள்வதைக் கேட்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வாசெங் மூன்று வாக்கியமும் சொன்னார். குறி விழுந்தது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி வான்கோழி வெட்டும் ஆலையில் நேர்காணல். வகுப்பில் புது வாக்கியத்துக்கு இரண்டு விரற்கடை என்றால், அந்நியன் ஒருவன் முன்னால் மெய்யாகவே சொன்னபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண். ஆலைக்காரர் எழுதிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்தபோது இடுப்புக்கு மேல்தான் ஆள் இருந்ததைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து, வியாழக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ஆலையில் அவருக்காக வெட்டுமேசை ஒன்றைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். குளிர்ந்த சிமெண்டுக்குள் கால் மரத்துப்போவது மட்டும்தான் தொந்தரவு. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இதை நாங்கள்தான் சொல்கிறோம், அவர் சொல்லமாட்டார்.

தாங்க முடியாதது வீட்டில்தான் இருந்தது. சாப்பாட்டு மேசை அவர் மோவாய்க்கு வந்தது. குடும்பத் தலைவர் தரையில் தனிக் கிண்ணம் வைத்துச் சாப்பிட்டார். கடைக்குட்டி முதற்கொண்டு எல்லோரும் அவர் தலைக்கு மேலே சாப்பிட்டார்கள். விருந்தாளி வந்தால் வேலை இருப்பதாகச் சொல்லிப் படுக்கையறைக்குப் போய்விடுவார். மரக்கிளை வெட்ட வந்ததாகச் சாக்குச் சொல்லி, மேசையைத் தாழ்த்த இரண்டு முறை அதன் காலில் ரம்பத்தை வைத்துப் பார்த்தார் சோங்பாவ். பிள்ளைகள் அதில்தான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்று வாசெங் தடுத்துவிட்டார்.

2009இல் ஆலை ஷிப்டைக் குறைத்தது. சம்பளம் போதாமல் மறுபடி உதவி கேட்டபோது, இந்த முறை வகுப்புக்கு வரச் சொல்லி ஷுவாவின் பெயருக்குக் கடிதம் வந்தது. வகுப்புக்குப் போகும் முந்தைய மாலை அவள் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தாள்.

"மெதுவாச் சொல்லு. வேகமாச் சொன்னா முழங்கால் மடங்கும்" என்றார் வாசெங்.

"நீங்க சொல்லிக் குடுத்துத்தான் நான் எறங்கணுமாக்கும். தள்ளிக்கங்க."

'நான் பொறுமைசாலி' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். உண்மைதான். இரண்டு விரற்கடை இறங்கினாள். துணிக்கடைப் பெண் அளப்பதுபோல் தன் பாவாடை விளிம்புக்கும் தரைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததையும் சொன்னாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வாசெங் ரம்பம் எடுத்து மேசையின் நாலு காலையும் அறுக்கப் போனார். எவ்வளவு என்று கேட்டார். இப்போதைக்கு ஒரு சாண் போதும் என்றாள் ஷுவா. வகுப்பு முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது.