படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் பெட்டி

பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் நேரத்தில் பெரியவளுக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல இருக்கும். மதியம் சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது என்று அவளுக்கே புரியாது. பதினைந்து வயது, கொத்தவரங்காய் மாதிரி உடம்பு. ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் யானை. யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று அம்மா ஒருமுறை அலுத்துக்கொண்டதைத் தம்பி பிடித்துக்கொண்டான்.

பசியைத் தாங்கிக்கொள்ளலாம். அதை மற்றவர்கள் பார்ப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அத்தை குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த கேக்கில் ஓரமாகக் கொஞ்சம் கிள்ளினாள். கிள்ளிய இடம் தெரியாமலிருக்க இன்னொரு பக்கம் கிள்ளினாள். கடைசியில் மேசைமேல் வைக்க லாயக்கில்லாத ஒரு துண்டுதான் மிஞ்சியது. வளர்கிற பிள்ளைதானே என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் கூடச் சிரித்தாள். அத்தை போனபிறகு அம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தின்பண்டங்களை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள். அரிசி டிரம்முக்குள், குக்கருக்குள், சுருட்டி வைத்த பாய்க்குள். பெரியவள் தேடிக் கண்டுபிடிப்பாள், அம்மா இடத்தை மாற்றுவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்மா துணிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தாள். மாலையில் வரும்போது அவள் தலைமுடியில் வெள்ளையும் நீலமுமாக நூல்துண்டுகள் ஒட்டியிருக்கும். நாள் முழுக்கப் பிசிறு தேடிய கண். அதற்கு வீட்டில் ஒரு பிஸ்கட் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

அப்பாவுக்குப் பூச்சி மருந்து கம்பெனியில் வேலை. கிடங்குகளிலும் கடைகளிலும் கரப்பானுக்கும் எலிக்கும் மருந்து வைக்கப் போவார். வேலைச் சாமான் எதுவும் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவர் சட்டம். சட்டையைக்கூட வெளிக்குழாயடியில் கழற்றித் தனி வாளியில் போட்டுவிட்டுத்தான் வருவார். அதனால் எலி மருந்து என்பது வேறு ஆட்களின் வீட்டில் நடக்கிற காரியம் என்றே பெரியவள் நினைத்து வளர்ந்தாள்.

ஒரு மாலை வரும் வழியில் அவளுடைய செருப்பின் வார் அறுந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்கு வந்து, பழைய ஜோடியைத் தேடி மாடிப்படிக்கு அடியில் குனிந்தாள். செருப்புகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. அட்டைப்பெட்டிதான். ஒரு பக்கம் ஓட்டை. பழைய பெட்டி, கிழிந்திருக்கிறது என்று நினைத்தாள். உள்ளே காகிதத்தின்மேல் சின்னச் சின்ன உருண்டைகள். மாவும் வேர்க்கடலையும் சர்க்கரையும் கலந்த வாசம் அடித்தது. அம்மா இந்தத் தடவை நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று சிரிப்பு வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்சம் கெட்டியாக இருந்தது, இனிப்பும் போதவில்லை. வேலை அவசரத்தில் உருட்டியிருப்பாள் பாவம். இன்னொன்று எடுத்தாள். பிறகு காகிதம் மட்டும்தான் இருந்தது.

அன்று இரவு திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. மறுநாள் மாலை போய்ப் பார்த்தால் பெட்டியில் புதிதாக உருண்டைகள் இருந்தன.

அவள் செருப்புகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் திட்டாமல் மறுபடி நிரப்பி வைத்திருக்கிறாள். கையில் கொடுத்தால் தனக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் செருப்புக்குப் பின்னால் வைக்கிறாள். அம்மாவுக்குள் இப்படி ஓர் அம்மா இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். அன்று யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தாள். அடுத்த நாள் துணி மடித்து வைத்தாள். அம்மா அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று உறுதியானதும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். பெட்டி தினமும் நிறைந்தது.

வாரக் கடைசியில் ஒரு நாள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அப்பா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"படிக்கட்டுக்கு அடியில வச்சதெல்லாம் காலி. ஒரு தூள்கூட மிச்சம் வைக்கல. எலி நல்லா பழகிடுச்சு."

பெரியவளின் கை தட்டிலேயே நின்றது.

அம்மா சொன்னாள், "நேத்து சோப்பைக் கடிச்சு வச்சிருக்கு. உங்க சட்டத்தையே மீற வச்ச எலி, எப்பத்தான் ஒழியுமோ."

"எலி மருந்து தின்னா உடனே செத்துருமாப்பா?" என்று தம்பி கேட்டான்.

"உடனே சாகாது. நாலஞ்சு நாள் நல்லாத்தான் சுத்தும். உள்ளுக்குள்ள ரத்தம் உறையாமப் போயிடும், அவ்வளவுதான். எதனால போறோம்னு அதுக்கே தெரியாது."

அந்தப் பக்கம் கை வைக்கக்கூடாது என்று அம்மா தன்னிடம் மட்டும்தான் சொன்னாள், யானையிடம் சொல்லவே இல்லை என்று தம்பி பெருமையடித்தான். நீ கண்ட இடத்தில் கைவிடுகிறவன், அவள் பெரியவள், அவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.

பெரியவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். இப்போதே சொல்ல வேண்டும். அப்பா, அதை நான் சாப்பிட்டேன். நாலே சொற்கள். அவை நாக்கு வரை வந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. எலிக்கு வைத்ததைக்கூட விடவில்லையா? அதை அம்மா சொல்வது அவளுக்குக் கேட்டது. அத்தை கேட்டுச் சிரிப்பது கேட்டது. இந்த வீட்டில் அவள் கிழவியாகும் வரை அந்த வாக்கியம் சாப்பாட்டு மேசையில் உப்பு மாதிரி இருக்கும். செத்துப்போவது அதைவிடச் சுலபம் என்று அந்த நிமிடம் அவள் உண்மையாகவே நினைத்தாள். போதும் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யானைக்கே போதுமாம் என்றான் தம்பி.

படுத்தபின் அந்தச் சுலபம் போய்விட்டது. நாலஞ்சு நாள் என்றாரே. முதல் உருண்டையிலிருந்து எண்ணுவதா, கடைசி உருண்டையிலிருந்தா? அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எலிக்கும் வலிக்காதாம். இன்னொன்றும் உறுத்தியது. பெட்டியை நிரப்பியது அம்மா இல்லை. பயத்தின் நடுவிலும், பயத்தைவிடச் சின்னதாக, அது தனியாக வலித்தது.

காலையில் பல் தேய்த்தபோது நுரையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. வாய் கொப்பளித்தாள். மறுபடி துப்பிப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பு. முன்பும் ஈறில் ரத்தம் வந்திருக்கிறதா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிட்டாள். என்ன என்று அம்மா சீப்போடு திரும்பினாள். ஒன்றுமில்லை என்றாள் பெரியவள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பில் எல்லோரையும் ஓடவிட்டார்கள். அவள் ஓட்டத்தில் கவனமில்லாமல் தன் நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஓடி, மைதானத்து ஓரக் கல்லில் தடுக்கி விழுந்தாள். முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. விளையாட்டு டீச்சர் பஞ்சு கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பெரியவள் அழுத்தினாள். பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் வந்தது. மறுபடி அழுத்தி, மறுபடி எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் ஒரு புதுத் துளி எட்டிப் பார்த்தது. அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்ட முதல் ஆளா நீ என்று டீச்சர் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உறைகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் என்பதும், அப்படி எடுப்பதால்தான் உறையவில்லை என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டாவது அவளுக்கும் தெரியவில்லை.

மதிய இடைவேளையில், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் ஓடினாள். ஓடினால் ரத்தம் வேகமாகப் போகும் என்று நினைத்து மறுபடி நடந்தாள்.

கதவு திறந்திருந்தது. அன்று அப்பாவுக்கு மாலையில்தான் வேலை. படிக்கட்டு அருகே கையுறை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முன்னால் விரித்த செய்தித்தாளில் உருண்டைகள். அவை ரோஸ் நிறத்தில் இருந்தன. பக்கத்தில் அந்தப் பிஸ்கட் பெட்டி.

"அங்கேயே நில்லு. கிட்ட வராதே" என்றார் தலையைத் தூக்காமல். பிறகு தூக்கினார். "இந்நேரத்துல என்ன? முட்டியில என்ன?"

"அப்பா, அது ஏன் ரோஸா இருக்கு?"

"இதுலதான் மருந்து இருக்கு. இன்னைக்குத்தான் கலந்தேன்."

"இவ்வளவு நாள் வச்சது?"

"அது வெறும் மாவும் கடலையும். எடுத்தவுடனே மருந்து வச்சா எலி தொடாதும்மா. சந்தேகப் பிராணி அது. முதல்ல வெறும் தீனி வச்சு, பயத்தைப் போக்கணும். தினம் வந்து தின்னுட்டுப் போக ஆரம்பிச்சதும்தான்..."

அவர் அங்கே நிறுத்தினார். பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். இனி சொல்லத் தேவையே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுந்து முட்டியைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அவள் கண் அந்த ரோஸ் உருண்டைகளை விட்டு அகலவில்லை. நேற்று அப்பா பேசாமல் இருந்திருந்தால், இன்று மாலை வந்து இதைப் பார்த்திருப்பாள். அம்மா இன்றைக்கு நிறமெல்லாம் போட்டு அழகாகச் செய்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். சந்தேகப்பட்டிருக்கவே மாட்டாள். சந்தேகமெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"எலி தின்னலப்பா. நான்தான் தின்னேன்."

அப்பா புரியாமல் பார்த்தார்.

"எல்லா நாளும். அம்மா எனக்கு வச்சிருக்கான்னு நினைச்சேன்."

அப்பா மெல்ல எழுந்தார். கையுறையை உள்வெளியாகக் கழற்றிச் செய்தித்தாளின்மேல் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டினார். மருந்துப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்த வாயைப் பார்த்தார். இன்றுதான் கிழித்தது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தார். வெளிக்குழாயில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. உள்ளே வந்து அவள் முன்னால் மண்டியிட்டு, முட்டியைக் கையால் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"உறைஞ்சிருச்சு பாரு" என்றார்.

எந்தக் கிடங்கிலும் எந்த இருட்டிலும் கைவிட்டு எலியைத் தூக்கி எறிகிற அப்பா பயந்து அவள் பார்த்ததில்லை. தன் பயம் அப்படியே இடம் மாறி அவர் முகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. மாலையில் அம்மாவுக்குத் தெரிந்தது. எதற்கும் காட்டிவிடலாம் என்று மூவருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பொட்டலத்தின் பெயரைப் படித்தார், அது எப்போது பிரிக்கப்பட்டது என்று அப்பாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், பெரியவளின் வயிற்றை அழுத்தினார், வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். ஒன்றுமில்லை, பிரஷ்ஷை மாற்றுங்கள், சாயங்காலம் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், இந்த வயதில் பசிக்கும் என்றார். அம்மா தலையாட்டினாள். தலைமுடியிலிருந்த நீல நூல் ஆடியது.

திரும்பி வந்ததும் அம்மா வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"நான் வச்சேன்னா நினைச்சே?"

பெரியவள் ஆமாம் என்றாள்.

அம்மாவுக்குச் சாவித்துளை அகப்படவில்லை. அப்பா வாங்கித் திறந்தார். பக்கத்து வீட்டில் விட்டிருந்த தம்பி வந்து விஷயம் முழுதையும் கேட்டுவிட்டு, எலிக்கு வச்சதைக்கூட யானை விடலையா என்று வாய்விட்டுச் சொன்னான். அவள் அத்தனை பயந்த அதே வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. அவனே தன் பையிலிருந்த பாதி மிட்டாயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா மேசைமேல், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், ரொட்டியும் பழமும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பெரியவளால் சாப்பிட முடியவில்லை. பசி அப்படியேதான் இருந்தது, வயிறு ஈரத்துணியாய்ப் பிழிந்தது. ஆனால் கை ரொட்டி வரை போய் நின்றது. முகர்ந்தாள். ஓரத்தைப் பிய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மா வைத்தது என்று மனத்துக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. மாலையில் அம்மா வந்து தொடாத தட்டைப் பார்த்தாள். என்மேல் கோபமா என்றாள். கோபம் இல்லை என்று எப்படி விளக்குவது?

அப்பாதான் புரிந்துகொண்டார். இந்தச் சந்தேகப் பார்வையை அவர் கிடங்குகளில் பார்த்திருக்கிறார். அன்று இரவு சாப்பாட்டின்போது தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மென்று விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், தம்பியின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பெரியவள் காத்திருந்தாள். அப்பாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்ன வாய் எடுத்தாள்.

அம்மா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நாளாகும்" என்றார். "அவசரப்படுத்தாதே."

படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்குப் பின்னால், ஏதோ கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் கேட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் தட்டிலிருந்து இன்னொரு வாய் எடுத்தார்.