எல்லாக் கதவிலும் ஒரு காந்தம்

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், புக்கிட் தெங்காவில் தேனப்பனின் தொழிற்சாலைக்குள் தின்னர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வழக்கமாக இந்த நேரத்துக்குக் கடைசல் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக இரைந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இன்று ஒன்றும் ஓடவில்லை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ்ஸில் அரைத் தூக்கத்தோடு வந்து இறங்கியவர்கள் கையில் ஆளுக்கொரு கந்தல் துணியைத் திணித்து, இயந்திரக் கதவுகளைப் பளிச்சென்று துடைக்கச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே தொழிலிடப் பாதுகாப்பு இலாகா அதிகாரி வருகிறாராம்.

சாந்தினி தன் இயந்திரத்தின் முன்னால் முட்டி போட்டுத் தேய்த்தாள். எண்ணெயும் உலோகச் சீவலும் சேர்ந்து இறுகிய பிசுக்கு லேசில் போவதாக இல்லை. சீவல் கிழித்த பழைய கீறல்களில் தின்னர் பட்டபோதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து நின்று கதவுச் சட்டத்தின் மேல் மூலைக்கு வந்தவளுக்குக் கை நின்றுவிட்டது. கறுத்த பிசுக்கின் நடுவே சுத்தமான ஓர் இடம், பாதி உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் முள் முள்ளாக. டுரியான் பழத்தின் அச்சு.

அவளுடைய டுரியான்தான். இத்தனை நாள் அங்கே ஒட்டியிருந்த காந்தத்தை நேற்று மாலை பிடுங்கி எடுத்துக்கொண்டார்கள். இப்போது அது இருந்த தடத்தையும் அவள் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள்.

அந்தக் காந்தம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். போன வருஷம் முதலாளி தேனப்பன் ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்தார். வந்த சூட்டோடு இரண்டு புதுச் சாமான்களை இறக்கினார். ஒன்று, கண்ணாடி அறைக்குள் குளுகுளுவென்று குடியிருக்கும் அளவை இயந்திரம். ஊசி முனையால் தொட்டே, தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு வேர்த்தால் ஆகாதாம். வெளியே ஆட்கள் வேர்வையில் தெப்பமாக நனையலாம், அதைப் பற்றி அந்தக் கண்காட்சியில் யாரும் பேசவில்லை போலும்.

இன்னொன்று ஆட்களை அளப்பது. ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒரு விளக்குக் கம்பம். வேலை நடந்தால் பச்சை, நின்றால் சிவப்பு. கூடத்தின் நடுச் சுவரில் பெரிய திரை, அதில் அவரவர் பெயருக்கு எதிரே அன்றைக்கு எவ்வளவு நேரம் பச்சை என்று ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை குறைந்தால் சம்பளப் படியில் வெட்டு.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இயந்திரக் கதவைத் திறந்தால் உள்ளே துண்டைக் கவ்விச் சுழலும் தலை நின்றுவிடும். ஆள் கையை விடும் இடமாயிற்றே, நிற்கத்தான் வேண்டும். ஆனால் நாள் முழுக்கக் கதவைத் திறப்பதும், துண்டை எடுத்து ஊதி அடுத்ததை வைப்பதும்தான் வேலையே. ஒவ்வொரு தடவையும் சிவப்பு விழுந்தது. மேற்பார்வையாளர் ஹாஃபிஸை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் தேனப்பன் வாங்கு வாங்கென்று வாங்கினார். “எல்லா லைனும் பச்சையா இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்” என்றார்.

தெரிய வேண்டாம் என்றவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டினால், கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் மூடியிருப்பதாக நம்பிவிடும். ஹாஃபிஸ் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போய், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சுற்றுப்பயணிகளுக்கு விற்கும் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் குளிர்பெட்டிக் காந்தம் வாங்கி வந்தான், ஆபீஸ் காசில்தான். பினாங்குப் பாலம், ரிக்‌ஷா, ஆமை, டுரியான் என்று விதவிதமாக இருந்தன. ஆளுக்கொன்றைப் போட்டி போட்டுக்கொண்டு எடுத்தார்கள். கடைசி இயந்திரத்துத் தங்கராஜு ரிக்‌ஷாவை எடுத்தார். வெளியாட்கள் பார்வையிட வந்தால் ஹாஃபிஸ் ஒரு விசில் அடிப்பான், காந்தமெல்லாம் பறந்துபோய்ச் சாப்பாட்டு டப்பாக்களில் ஒட்டிக்கொள்ளும். பச்சையில் முதலாவதாக வந்த வரிசைக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். கையை வெட்டக் கொடுக்கும் வேலையைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள் என்பதுதான் இப்போது சாந்தினிக்கு நெஞ்சை அறுத்தது. ஒரு நாள் தேனப்பனே அவள் டுரியானைத் தட்டி, “மூசாங் கிங்கா?” என்று உசத்தி ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை துண்டை மாற்றத் தங்கராஜுவின் வலது கை உள்ளே போனபோது, கதவு திறந்ததும் நிற்க வேண்டிய சுழலும் தலை நிற்கவில்லை. நடுவிரலும் மோதிர விரலும் போயின. அவர் போட்ட அலறலில் கூடமே ஓடி வந்தது. அவசரப் பொத்தானை அடித்தது சாந்தினிதான். அடிக்கும்போது அண்ணாந்து பார்த்தாள். அவர் இயந்திரத்தின் தலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கராஜுவின் மனைவி வள்ளியம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் கம்பெனிக் கடிதம் கிடந்தது. பாதுகாப்பு விதியை மீறிய உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். தங்கராஜு கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, “ஒட்டுனது நாந்தானே சாந்தினி. என் தப்புதானே லா” என்றார். விரலும் போய், வேலையும் போய், பழியையும் அவரே சுமப்பதா என்று வீடு வந்து சேரும்வரை அவளுக்கு ஆறவில்லை.

“அக்கா.” கண்ணாடி அறையிலிருந்து லைலா வந்து நின்றாள். அளவை இயந்திரம் அவள் பொறுப்பு. அப்பா தமிழ் முஸ்லிம், நாசி கண்டார் கடையில் வேலை செய்கிறவர், வீட்டில் தமிழ்தான். “அன்னைக்கு தங்கராஜு அண்ணன் மெஷின்ல இருந்துச்சே, அந்தப் பீஸையும் என்கிட்ட குடுத்து அளக்கச் சொன்னாங்க.”

“எந்தப் பீஸு?”

“ரத்தம் பட்ட பீஸு. அளவு சரியா இருந்துச்சு. கழுவிட்டு, மத்ததோட சேத்து அனுப்பிட்டாங்க.”

சாந்தினி கையிலிருந்த துணியை முறுக்கினாள், கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

அப்போதுதான் தேனப்பன் உள்ளே வந்தார். சந்தனப் பொட்டு, இஸ்திரி கலையாத சட்டை. பின்னால் ஹாஃபிஸ். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“தங்கராஜு நம்ம ஆளு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன், மனசு தாங்கல” என்று ஆரம்பித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். “ஆனா கம்பெனியும் நிக்கணும். ஆபீசர் கேட்டா எல்லாரும் ஒரே பதில் சொல்லுங்க. காந்தம் ஒட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம், அவரு கேக்கல. அவ்ளோதான்.”

“யாரு சொன்னா, பாஸ்?” என்றாள் சாந்தினி.

தேனப்பன் திரும்பிப் பார்த்தார். “சாந்தினி, உன்னை லீடராப் போடலாம்னு இருக்கேன். பாத்துப் பேசு.”

“எங்க காந்தத்தையெல்லாம் நேத்து புடுங்கிட்டீங்க. தங்கராஜு அண்ணன் மெஷின்ல மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?”

“அது சாட்சி. தொடக் கூடாது.”

“அப்ப எங்களுது என்னா, குப்பையா?”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தேனப்பனின் முகம் சிவந்தது. “கம்பெனிய மூடிட்டா நீங்கள்லாம் எங்க போவீங்க? கடன் வாங்கிப் போட்டிருக்கேன் இந்த மெஷின் எல்லாம். இது ஓடலன்னா எனக்கு மட்டுமா நஷ்டம்?”

“மெஷினுக்குக் கடன் குடுக்க ஆளு இருக்கு பாஸ். கைக்கு யாரு குடுப்பா?”

தேனப்பன் குரலை இறக்கினார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. “வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ண யோசிச்சுக்க. காந்தம் வாங்குனது ஹாஃபிஸ். நான் கடைக்குப் போகல. பேச்சு வளந்தா அவன் தலையிலதான் விழும்.” சொல்லிவிட்டு, அதிகாரியை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்.

ஹாஃபிஸ் நின்ற இடத்திலேயே நின்றான். தமிழர்களோடு வேலை பார்த்துப் பார்த்து அவனுக்குப் பேச்சு புரியும். தன் பெயர் எந்த இடத்தில் வந்தது என்பதும் புரிந்தது. ஸ்டோர் பக்கம் நடந்தான்.

சாந்தினி துணியைத் தரையில் போட்டாள். “நான் தொடைக்கப் போறதில்ல.”

பக்கத்து இயந்திரத்து நல்லமுத்து பதறினார். இந்தக் கூடத்தில் அவர்தான் மூத்தவர், பயமும் அவருக்குத்தான் அதிகம். “சும்மா இரு லா. பெரிய எடத்துச் சண்டை நமக்கு எதுக்கு? மகளுக்கு இன்னும் படிப்பு முடியல எனக்கு. இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?”

“தங்கராஜு அண்ணனை எவன் எடுப்பான்?”

கேட்டுவிட்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த தடவ உங்க கையா இருந்தா என்னா நடக்கும் தெரியுமாண்ணே? உங்க ஆமைய மட்டும் விட்டு வச்சிட்டு, மத்த எல்லாத்தையும் புடுங்கிடுவாங்க. நாங்க இதே மாதிரி வரிசையா நின்னு தொடச்சிக்கிட்டு இருப்போம். நல்லமுத்து அண்ணன் சொன்ன பேச்சு கேக்க மாட்டாருன்னு சொல்லுவோம்.”

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இன்றைக்கு இளைத்தவன் தங்கராஜு. நாளைக்கு யார் என்று ஒவ்வொருவரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டதைச் சாந்தினி கண்டாள். நல்லமுத்து கொஞ்ச நேரம் துணியை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு அதைத் தின்னர் டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தினார். “சரி. என்னா செய்யணும்?” என்றார்.

அதற்குள் ஹாஃபிஸ் வந்துவிட்டான். கையில் அந்தப் பெட்டி. குப்பையில் போடச் சொல்லியிருந்தார்கள், அவன் போடவில்லை. நடுமேசையில் கவிழ்த்தான். பாலமும் ஆமையும் டுரியானும் கலகலவென்று கொட்டின.

“அம்பில் லா,” என்றான். எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் போட்டி போடவில்லை இந்தத் தடவை. அவரவர் காந்தத்தை அவரவர் எடுத்து, பிசுக்கில் தெரிந்த அச்சிலேயே பொருத்தினார்கள். கூட வேலை பார்க்கும் நேபாளத்துக்காரர்கள் பாலத்தை ஒட்டினார்கள். நல்லமுத்து ஆமையை ஒட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். கதவுகளை அகலத் திறந்தார்கள். துண்டு எதுவும் வைக்காமல், தங்கராஜுவினுடையதைத் தவிர மற்ற இயந்திரங்களை ஓட விட்டுவிட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் எல்லைக் கோட்டுக்கு வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். லைலா கண்ணாடி அறைக் கதவில் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து வரிசையில் சேர்ந்தாள். சூடு ஏற ஏற அளவை இயந்திரம் கீச் கீச்சென்று முறையிட்டது. வேர்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, வெள்ளைத் தலைக்கவசம் போட்டிருந்தார். தேனப்பன் பேசிக்கொண்டே அவரைத் தங்கராஜுவின் இயந்திரத்துக்கு அழைத்துப் போக வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். கதவெல்லாம் ஆவென்று திறந்து கிடக்க, உள்ளே தலையெல்லாம் சுழல, மேலே விளக்கெல்லாம் பச்சை. அன்றைய ஓட்டம் இப்போதுதான் தொடங்கியதால், நடுச்சுவர்த் திரையில் தங்கராஜுவைத் தவிர எல்லாப் பெயருக்கும் எதிரே நூற்றுக்கு நூறு ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனுஷனின் சோற்றை யாரோ தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

“பிந்து தெர்புக்கா. கெனாப்பா ஹிஜாவ்?” என்று அதிகாரி கேட்டார். கதவு திறந்திருக்கிறது, ஏன் பச்சை?

“புவான், அந்த விபத்து நடந்த மெஷின் அங்க கடைசியில...” என்று தேனப்பன் மலாயில் அவசரமாகக் குறுக்கிட்டார்.

சாந்தினி மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் தன் இயந்திரத்தைக் காட்டினாள். “சினி டூலு, புவான்.” முதலில் இங்கே, அம்மா.

அதிகாரி வந்தார். டுரியானைப் பார்த்தார், சாந்தினியைப் பார்த்தார். கையை நீட்டி அதைப் பிடுங்கினார். அந்த இயந்திரத்தின் இரைச்சல் சட்டென்று அறுந்து, விளக்கு சிவப்பானது.

“இது எல்லா மெஷின்லயும் இருந்துச்சு. தங்கராஜு மட்டும் ஒட்டல, நாங்க எல்லாரும் ஒட்டுனோம். ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுனோம்” என்று சாந்தினி மலாயில் சொன்னாள்.

“வாங்கி வந்தது நான்,” என்றான் ஹாஃபிஸ் பின்னாலிருந்து. “வாங்கச் சொன்னது அவர்.”

தேனப்பன் உறுமினார். “அத்தனை பேரையும் வெளியே அனுப்பிடுவேன். இன்னைக்கே.”

நல்லமுத்து முன்னே வந்தார். வந்தவர் தன் ஆமையைத் தானே பிடுங்கி அதிகாரியின் கையில் வைத்தார். அடுத்த விளக்கும் சிவந்தது. பாலம், மீண்டும் ஒரு பாலம், படகு, பூ. ஒவ்வொன்றாக வரிசை முழுதும் சிவந்துகொண்டே போய், கடைசியில் ஏற்கெனவே நின்று கிடந்த தங்கராஜுவின் இயந்திரத்தை எட்டியது. அதிகாரி அந்த ரிக்‌ஷாவைத் தொடவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கை நிறைந்த காந்தங்களோடு நிமிர்ந்தார். எழுத ஆரம்பித்தார்.

என்ன எழுதினார் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுதுவது எங்கே போகும், போன இடத்தில் யார் கையில் சிக்கும் என்பதும் தெரியாது. நாளைக்கு எத்தனை பேருக்கு பஸ் வரும் என்றுகூடத் தெரியாது. கூடம் முழுக்கச் சிவப்பு நின்று எரிந்தது.

“மெஷின ஓட்டுங்க,” என்றார் தேனப்பன். “ஓட்டுங்கன்னு சொல்றேன்ல.”

ஒருவரும் அசையவில்லை.

“அந்தக் கடிதத்த வாபஸ் வாங்குங்க பாஸ்,” என்றாள் சாந்தினி. “தங்கராஜு அண்ணன்கிட்ட நான் போய்ச் சொல்லணும், அது அவரு தப்பு இல்லன்னு. நீங்க சொல்லி நான் சொல்லணும். அதுக்கப்புறம் கதவ மூடி ஓட்டறோம்.”

பின்னால் யாரோ தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நல்லமுத்துதான், மஞ்சள் கோட்டின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் ஹாஃபிஸ், அவனுக்குப் பக்கத்தில் நேபாளத்துக்காரர்கள், பிறகு லைலா. சாந்தினிக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.