கெரிஷாவின் எச்சில் சொன்னது

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழிக்கால் கெரிஷாவின் தட்டைத் தாண்டித் தங்கை மோனெல்லின் தட்டில் போய் விழுந்தது. அந்த வீட்டில் வேகமாக ஓடுகிறவளுக்குத்தான் கால். போன வாரம்வரை அது கெரிஷாவுக்கு உரியதாக இருந்தது.

"என்னம்மா இது?"

"ஓடப் போறவ சாப்பிடட்டும்டி," என்றாள் தாய் வின்சம், மகளின் முகத்தைப் பார்க்காமல். "கோச் சொல்லிட்டாரு. உன் ரத்தத்துலயே பயம் இருக்காம்."

தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் பள்ளி ஓட்டக்காரர்களின் எச்சிலை எடுத்துப் போயிருந்தார்கள். மோனெல்லுக்குப் போராளியின் மரபணு, கெரிஷாவுக்குக் கவலைப்படுகிறவரின் மரபணு என்று முடிவு வந்தது. அதை வைத்து யாரையும் சேர்க்கவோ ஒதுக்கவோ கூடாது என்று கடைசியில் எழுதியிருந்தார்கள். கடைசிவரை படிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

தலைநகரில் நடக்கும் பள்ளிப் போட்டியில் நானூறு மீட்டருக்கு எங்களுக்கு ஓர் இடம்தான். கோச் பிங்க்னி அதை மோனெல்லுக்குக் கொடுத்துவிட்டார். அக்காதான் வேகம் என்பது ஊர் ஆடுகளுக்கும் தெரியும். ஆனால் ஓட்டத்துக்கு முன் அவள் நடுங்குவாள், வாந்தி எடுப்பாள். அதைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருக்கும். நாங்கள் என்ன சாமானியப்பட்டவர்களா? சுவரில் பல்லியைக் கண்டால் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிறவர்கள். இருட்டிவிட்டால், பேய் கூடவே வந்துவிடும் என்று பின்பக்கமாகவே நடந்தபடி வீட்டுக்குள் நுழைகிறவர்கள். கோச்சே ஒருமுறை பல்லிக்குப் பயந்து நாற்காலிமேல் நின்றுகொண்டு பெற்றோர் கூட்டத்தை நடத்தி முடித்தார். அப்படிப்பட்ட நாங்கள்தான் அந்தப் பெண்ணின் தைரியத்துக்குத் தீர்ப்புச் சொன்னோம்.

மறுநாள் மோனெல்லின் பயிற்சி ஓட்டத்தைப் பார்க்க ஊரே வேலியோரம் கூடியிருந்தது. கெரிஷா வந்து பக்கத்துத் தடத்தில் நின்றாள்.

"நீ தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் நில்லும்மா," என்றார் கோச்.

"ஓடிட்டு எடுக்கறேன், கோச்."

ஒதுங்கிப் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கோட்டில் போய் நின்றாள். விசில் ஊதியதும் ஓடினாள். கடைசி வளைவில் மோனெல் மூச்சு வாங்கிப் பின்தங்க, அக்கா வெகுதூரம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினாள்.

கோச் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "எச்சில் மாறிப் போச்சு. கெரிஷாதான் போராளி. பயந்தாங்கொள்ளி சின்னவ."

எங்களுக்கும் அப்பாடா என்றிருந்தது. பரிசோதனையைச் சந்தேகப்படுவதைவிடப் பிள்ளைகளை மாற்றிவிடுவது எளிது. வின்சம் உடனே, "அதானே, இவ சின்னதுலயே இருட்டக் கண்டா அழுவா," என்று மோனெல்லைக் காட்டினாள். அந்தச் சின்னப்பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

கெரிஷா வாயைத் துடைத்துக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்தாள்.

"எதுவும் மாறல, கோச். பயந்தவ நான்தான். இப்பவும் பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டேதான் ஓடினேன். என்னைச் சேர்த்தா அப்படியே சேருங்க. இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் சொல்வது சரி என்று எங்களில் யாராவது வாய் திறந்திருக்கலாம். வேலியோரம் அத்தனை பேர் நின்றோம். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.