சுழி உள்ள படகு

படகுக்குப் பல் கிடையாது என்பது தெரிந்த பிறகும் என் வீட்டுக்காரர் அதன் முகத்தைவிட்டு நகரவில்லை. குனிந்து பார்த்தார். நாலெட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் கிட்டே வந்தார். உசிலம்பட்டிச் சந்தையில் மாடு பார்க்கிற அதே நடைதான். காலமெல்லாம் மாட்டுத் தரகு பார்த்த மனுசனைப் படகு வாங்கக் கூட்டிவந்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் கூட்டிவந்தேன். ஒரு பொருளைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த ஆள் எங்கள் தெருவில் என் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி ஒருவர்தான்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி ரிங் ரோட்டு ஓரமாக பீமாராவின் ஃபைபர் பட்டறை இருக்கிறது. பொருட்காட்சிக்கு யானை, பூங்காவுக்கு வாயைப் பிளந்த கங்காரு குப்பைத்தொட்டி, தலை இன்னும் ஒட்டாத ஒட்டகச்சிவிங்கி என்று வாசலெல்லாம் நிற்கும். அதோடு, கடற்கரைப் பக்கம் ஓடி ஓய்ந்த ஃபைபர் படகுகளையும் லாரியில் ஏற்றிவந்து, ஒட்டுப்போட்டு, படகுச் சவாரி விடுகிறவர்களுக்கு விற்பார். அன்றைக்கு இரண்டு படகுகள் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று புதுப்பெண் மாதிரி நீலமாக மின்னியது. மற்றது சாம்பல் நிறம், வெயிலில் வெளுத்து, அங்கங்கே உரசல். என்னோடு வந்த இருளாயி படகைப் பார்க்காமல் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள், எனக்கு நாத்தனார், எங்கள் மகளிர் குழுவுக்குச் செயலாளர். இந்த மூன்றில் எதற்கும் அவளிடம் அடக்கம் கிடையாது.

படகு எங்களுக்கு எதற்கு என்று பீமாராவும் கேட்டார். எங்கள் ஊர்க் கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் கரை முட்ட நிற்கிறது. அதன் மீன்பாசிக் குத்தகையை முதல் தடவையாக எங்கள் குழு எடுத்திருக்கிறது. நூறு நாள் வேலையில் அந்தக் கண்மாயைத் தூர்வாரியவர்கள் நாங்கள். கரைக்கு மண் சுமந்தவர்கள் நாங்கள். மீன் மட்டும் எப்போதும் வேறு யாருக்கோ போகும். இப்போது கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் விட்டு, அவை கைநீளம் வளர்ந்துவிட்டன. ஆனால் வளர்ந்ததெல்லாம் நடு ஆழத்தில் கிடக்கிறது. தவிடு போடவும் வலை இழுக்கவும் அங்கே போயாக வேண்டும். லாரி டியூபைக் கட்டிக்கொண்டு போன தங்கப்பொண்ணு ஒருநாள் கவிழ்ந்து, தண்ணீர் குடித்து, பிழைத்துவந்தாள். எங்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது, எங்கள் வீட்டு ஆண்களுக்கும் தெரியாது. எங்கள் அப்பன் பாட்டன் காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் அந்தத் தண்ணீரில் இறங்க முடியாது. இறங்காதவர்களுக்கு நீச்சல் எப்படி வரும். அதனால் வாங்குகிற படகு ஒழுகக் கூடாது, உடையக் கூடாது. அதை நம்பி முதலில் ஏறப்போகிறவள் நான். குழுவில் நான்தானே தலைவி, வேறு யாரை ஏறச் சொல்வது.

நீலப் படகை அவர் முடித்தது ஐந்து நிமிஷத்தில். விலாவில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். டங் டங் என்று வந்த சத்தம், பின்பக்கம் ஓரிடத்தில் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் பொத்தென்று அடங்கியது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் பொத்.

"கெழட்டு மாட்டுக்கு எண்ணெயத் தடவிக் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சுக் கொண்டாருவாங்கெ. அது மாதிரில்ல இருக்கு" என்றார்.

பீமாராவ் கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள பலகை ஊறியிருக்குண்ணே. பொய் சொல்லல. பார்க்குல, முழங்கால் தண்ணில விடுறவங்களுக்குன்னு வச்சிருக்கேன். ஒங்களுக்கு அந்தச் சாம்பல்தான்" என்றார்.

சாம்பல் படகு முழுக்க டங் டங் என்றது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. நான் உள்ளே ஏறி, செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன். எங்கேயும் மிதித்தால் அமுங்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் முன்பக்கத்தில் உறைந்து நிற்கிறார். மூக்குக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக மயிரிழை விரிசலும் இருந்தன.

"இது வேணாம்" என்றார்.

"ஏன்?"

"சுழி இருக்கு."

பீமாராவ் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. "அண்ணே, அது எங்கயோ பாறைல முட்டுனது. மேல்பூச்சு மட்டுந்தான் கீறியிருக்கு" என்றார்.

"முட்டுனதோ முட்டாததோ. நெத்திக்குக் கீழ ஒத்தச் சுழி. ஆகாது."

"யாருக்கு ஆகாது?" என்று கேட்டேன். அவர் நீலப் படகுப் பக்கம் போய், தேறாது என்று தானே தள்ளிய படகை இன்னொரு தடவை தட்ட ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே. பதினோரு மணி வெயில், வாடகை வண்டி வாசலில் நிற்கிறது, கரையில் எங்கள் பெண்கள் எந்நேரம் போன் வரும் என்று காத்திருக்கிறார்கள், மாட்டு மயிரில் பார்க்கிற சுழியை இந்த மனுசன் ஃபைபரில் பார்க்கிறார். இவரிடம் வாய்கொடுத்துப் பயனில்லை என்று நான் என் வழியில் இறங்கினேன். கடையில் குடம் வாங்கினால் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் நான் வாங்கினது கிடையாது. படகும் ஒரு பெரிய குடம்தானே. உள்ளே ஊற்றினது வெளியே வரவில்லை என்றால் வெளியே இருப்பதும் உள்ளே வராது.

"தண்ணி ஓஸ் பைப்பப் போடுங்கண்ணே" என்றேன்.

பீமாராவ் தலையைச் சொறிந்தார். கண்மாயிலோ கடலிலோ இறக்கிப் பார்க்கிறவர்களைத்தான் அவர் கண்டிருக்கிறார். "முழுசா நெரப்பிராதீங்கக்கா. வெளிய இருந்து அமுக்குறதத் தாங்கத்தான் இதச் செஞ்சிருக்கு. உள்ள இருந்து அமுக்குனா விரிஞ்சிரும். கெண்டக்கால் அளவுக்கு விடுங்க, போதும்" என்றார். இருளாயி படகின் அடியில் பழைய பேப்பரை வரிசையாக விரித்தாள். எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. அந்த யோசனை அவளுடையது. அதைப் பிற்பாடு ஊரில் என்னுடையது என்று யாரோ சொல்லப்போய் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க நேரம் வேண்டும். யானையின் வயிற்று நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். பீமாராவுக்கும் ஒரு இலையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் முதுகைப் பார்த்தே அவர் மனசைச் சொல்லிவிடுவேன். அது கோபமான முதுகு இல்லை.

"அண்ணே, அந்தச் சுழி யாருக்கு ஆகாதுன்னுதான் சொல்லேன்" என்றாள் இருளாயி.

அவர் உருண்டையைக் கையிலேயே வைத்திருந்தார். "வாங்குன வீட்டுப் பொம்பளைக்கு" என்றார். உருண்டையை இலையில் திரும்ப வைத்துவிட்டு, "மாட்டுல பாத்தா நானே, இருந்துட்டுப் போகுதுன்னு தள்ளிவிட்டிருப்பேன். வெல கொறச்சு வாங்கி வித்தும் இருக்கேன். இதுல நம்ம ஆளுல்ல ஏறப்போகுது" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன். கல்யாணமான நாளிலிருந்து, சாப்பிட்டியா என்று கேட்பதைத் தாண்டி வேறெதுவும் வாயைத் திறந்து சொல்லாத மனுசன். ஆனாலும் விட்டுக்கொடுக்கலாமா.

"ஏய்யா, எனக்கு உச்சந்தலையில ரெட்டச் சுழி. எங்கப்பன் கொண்டைய இறுக்கிப் போட்டு மறச்சுத்தான ஒன் தலைல கட்டிவச்சாரு. இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

இருளாயிக்குப் புரை ஏறிவிட்டது. அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "அது மொத வருசமே பாத்துட்டேன்" என்றார்.

பேப்பர் எல்லாம் காய்ந்தே கிடந்தது. பின்பலகைக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில் நனைந்திருந்தது. முன்பு எஞ்சின் மாட்டியிருந்த போல்ட்டு ஓட்டை. எங்களுக்கு எஞ்சின் வேண்டாம், கழிதான். பீமாராவ் தண்ணீரை வடித்துத் துடைத்து, துணியும் பசையும் வைத்து அந்த ஓட்டையை அடைத்தார். அப்படியே முன்பக்கம் வந்து, மிஷினைப் போட்டு அந்த வட்ட விரிசலையும் தேய்த்தார். வெள்ளைத் தூள் பறந்தது. அடியில் ஃபைபர் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"சுழிய எடுத்தாச்சுண்ணே."

"சூடு போட்டுச் சுழிய மறைக்கிறது எம்புட்டுப் பாத்திருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் தேய்த்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து பீமாராவின் கையின் மேல் போட்டு, அடியில் அவர் விரல்களைப் பிடித்தார்.

சந்தையில் விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோம், எப்படி அழுத்துகிறோம் என்பதுதான் பேச்சு. பீமாராவுக்கு இதெல்லாம் என்ன தெரியும். ஏதோ எங்கள் ஊர்ச் சாமி வழக்கம் என்று நினைத்துப் பயபக்தியோடு நின்றார். இவர் அழுத்த அழுத்த, அவரும் மரியாதைக்குத் திருப்பி அழுத்தியிருக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்து என் வீட்டுக்காரர் துண்டை உதறி, முகமெல்லாம் மலர்ந்து, "முடிஞ்சது" என்றார்.

"என்ன முடிஞ்சது?" என்றார் பீமாராவ்.

"வெல. நீதானய்யா ஒத்துக்கிட்ட."

"நான் எங்கண்ணே ஒத்துக்கிட்டேன்? நீங்க கையப் புடிச்சீங்க, நானும் புடிச்சேன்."

இருளாயி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். கடைசியில் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வந்தது. என் வீட்டுக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். பெண்டாட்டிக்கு முன்னால் விலையைச் சத்தமாகச் சொன்ன பழக்கம் அவருக்கு இல்லை. பீமாராவின் காதில் போய்ச் சொன்னார். பீமாராவ் அதைக் கேட்டுத் தன் பங்குக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாங்கள் மூவருமாகப் பேசி, எங்கள் குழுவுக்கும் கட்டுப்படியாகி, அவருக்கும் வருத்தமில்லாமல் முடித்தோம். வண்டியில் ஏற்றும்போது இரண்டு கழியைச் சும்மாவே கொடுத்தார்.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் எங்கள் தெருவே நின்றது. என் வீட்டுக்காரர் விடிவதற்குள் உசிலம்பட்டி போய்ப் புதுக் கயிறு ஒரு சுருள் வாங்கிவந்திருந்தார். வாங்கின உருப்படியைப் பழைய கயிற்றில் கட்டக் கூடாதாம். படகின் மூக்கு வளையத்தில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"நீயும் ஏறுய்யா" என்றேன்.

"நான் ஏறல. மொத நாளு கயித்தோடதான் போகணும். புது மாட்ட யாராச்சும் அவுத்து விடுவாங்களா" என்றார்.

நானும் இருளாயியும் தவிட்டு மூட்டையோடு ஏறினோம். தங்கப்பொண்ணு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதாக ஏறிவிட்டாள். கழியை ஊன்றித் தள்ளினேன். படகு ஆடியது, கழியை இன்னும் அழுத்தி ஊன்றினேன். பிறகு ஆட்டம் அடங்கியது. நான் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்து கிடந்தது. கருவேலமரங்களின் நுனி தண்ணீருக்கு மேல் நிற்கிற இடத்தைத் தாண்டினோம். நான் கூடையில் மண் சுமந்து நடந்த தரை எனக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் இருந்தது. இருளாயி விரலைத் தண்ணீரில் விட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். தங்கப்பொண்ணு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் என்ன, கத்திப் பாடலாம்போல் இருந்தது.

நடு ஆழத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கும், படகு வெடுக்கென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். கயிறு விறைத்துக் கரைவரைக்கும் நேராக நின்றது.

"விடுண்ணே, இது என்ன பசுமாடா" என்று இருளாயி கத்தினாள். கரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் விடவில்லை. கையில் சுற்றியதைப் பிரிக்கவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஒரு அடி வைத்தார். கயிறு ஒரு அடி தளர்ந்தது. படகு ஒரு அடி நகர்ந்தது. இன்னொரு அடி வைத்தார். முழங்கால் போயிற்று. வேட்டி நனைந்து பின்னால் மிதந்தது. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்புக்கு வந்தபோதும் அவர் கண் என்மேலேயே இருந்தது. நான் கழியைப் படகுக்குள் போட்டேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அவரை ஏற்றிக்கொள்ளப் படகை அவர் பக்கமாகக் கொண்டுபோக ஆரம்பித்தேன்.