ரீவி ஓடுற வீடு

...கருவி ஒண்டையும் காணேல்லையாம், திரையில அப்பிடித்தான் இங்கிலீசில எழுதிக் கிடக்கு, காணேல்லையெண்டால் எங்க போறது, நேற்று இரவு மட்டும் உந்தக் கொம்பியூட்டர் பெட்டிக்குள்ளதானே இருந்தது... மூடியைக் கழட்டிப் பாக்கிறன், பச்சைத் தகடு, உதுதான் கொம்பியூட்டரில ரீவி ஓட வைக்கிற காட் எண்டு என்ர மனிசன் றொபின்சன் எனக்குக் காட்டித் தந்தது, வச்ச இடத்திலதான் நிக்குது. அவர் எங்க எண்டுதான் தெரியாது. ஓகஸ்ட் மாசம் கரம்பொன் கரையில வள்ளம் எடுத்தவர், வள்ளம் மட்டும் வந்து ஒதுங்கினது, எஞ்சின், வலை, சோத்துப் பெட்டி எல்லாம் கிடந்தது, மனிசன் இல்லை. அழுகை வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான், வரேல்லை, இப்பவும் வரேல்லை, சமைக்கிறன், தின்னுறன், படுக்கிறன், எல்லாம் விறைச்சுப்போய்க் கிடக்கு... உடம்பு கிடைக்காத ஆளுக்கு என்னெண்டு அழுறது? மாமிக்கு அழவேணும். கிறேசம்மா மாமி, பெத்த தாய், மகன்ர ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணுமெண்டு ஒரே நிலையில நிக்கிறா, நான் விடேல்லை. செத்தவீட்டில ரீவி போடுறதில்லை, முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் சீலையால மூடி வச்சிருப்பினம், அதாலதான் நான் விடிய எழும்பின உடன போட்டிடுவன், படுக்கேக்கதான் நிப்பாட்டுவன், றோட்டால போற சனத்துக்குக் கேக்கட்டும், இது செத்தவீடு இல்லை. என்ன நிகழ்ச்சி ஓடுதெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இண்டைக்குக் காலமைதான் ஓடேல்லை. ஒரு காலமை! அதுக்குள்ள கோயிலால வந்த மேரிறோஸ் அக்கா படலையடியில நிண்டு உள்ளுக்கு எட்டிப் பாத்து, நெத்தியில சிலுவை அடையாளம் போட்டிட்டுப் போறா, ஐயோ கடவுளே, என்ன சனமடா இது... பின்வளவால மாமி வந்தா, வந்து என்ர கையைப் பிடிச்சா. நிப்பாட்டினது நல்லது பிள்ளை, பின்னேரம் நான் சுவாமியாரிட்டப் போய்ப் பூசைக்குச் சொல்லுறன் எண்டா. நான் நிப்பாட்டேல்லை மாமி, அது பழுதாப் போச்சு எண்டன். கையை விட்டிட்டா. ‘என்ர பிள்ளைக்கு நான் அழவும் கூடாதோ? உந்தச் சத்தத்துக்குள்ள என்னெண்டு அழுறது, சொல்லு பாப்பம்?’ அவ செபமாலையும் கையுமாய்க் குசினிக்குள்ள போய் இருந்திட்டா. பின்னேரத்துக்கு முன்னம் இதை ஓட வைக்க வேணும், பூசைக்குச் சொல்லிப்போட்டால் பிறகு ஊர் அவரைச் செத்தவர் எண்டுதான் சொல்லும், அதோட அலுவல் முடிஞ்சுது.

பாரிசில இருக்கிற டிலோன் போன் எடுத்தவர், றொபின்சன்ர தம்பி, அவர்தான் உந்தக் காட்டையே அனுப்பினவர். கருவியைக் காணேல்லை எண்டு திரையில வருது எண்டன். அண்ணி, பிளக்கைக் கழட்டிப்போட்டுக் காட்டை இழுத்தெடுங்கோ, அடியில பொன் நிறத்தில பல்லுப் பல்லாய் ஒரு விளிம்பு இருக்கும், அதை அழிறப்பரால தேய்ச்சுத் துடையுங்கோ, கடல் காத்துக்குக் களிம்பு பிடிச்சிருக்கும் எண்டார். பிறகு குரலைத் தணிச்சு, அண்ணி, அம்மா எனக்குச் சொன்னவ... எண்டு தொடங்க, லைன் வெட்டுது டிலோன், விளங்கேல்லை எண்டு வச்சிட்டன். லைன் வெட்டேல்லை. மேசை லாச்சிக்குள்ள அழிறப்பர் கிடந்தது, தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாய் உருளுது, இவ்வளவு ஊத்தையோட இவ்வளவு நாளும் ஓடினதோ... திரும்பச் செருகிப் போட்டன், கருவி கிடைச்சிட்டுது, ஆனால் படம் இல்லை. சிக்னல் அளக்கிற ரெண்டு கோடு காட்டுது, மேல் கோடு ஏறுது, கீழ் கோடு அசையேல்லை, கீழ் கோடு ஏறினால்தான் படம் வரும், அவர் படிப்பிச்சவர். அப்ப டிஷ்ஷிலதான் பிழை. கிணத்தடியில நிக்கிற டிஷ்ஷைப் போய்ப் பாத்தால் வயர் பூட்டுற இடம் பச்சை பிடிச்சுக் கிடக்கு, கத்தியால சுரண்டிக் கறுத்த ரேப் சுத்தினன், டிஷ்ஷும் காத்துக்குத் திரும்பியிருக்கு, அதை ஒராள் திருப்ப, இன்னொராள் உள்ளுக்கு நிண்டு கோட்டைப் பாத்துச் சொல்ல வேணும். பூட்டின அண்டைக்கு அவர் திருப்பினார், நான் கத்தினனான், நடுக்கடலில திசை பிடிக்கிற மனிசனுக்கு ஒரு டிஷ் திருப்ப ஏலாமல் கிடக்கே எண்டு நக்கல் அடிச்சனான், அதுக்கு அவர், சத்தம் போடாதையும் ஜெனீற்றா, வீட்டுக்குள்ள தியேட்டர் வருது, ரிக்கற் எடுத்துக்கொண்டு வாரும் எண்டார்... இப்ப ஆர் பாத்துச் சொல்லுறது? வீட்டில மாமிதான் இருக்கிறா.

கேக்கக் கூடாது எண்டுதான் நினைச்சன், வாய் கேட்டிட்டுது. மாமி, ஒருக்கால் அந்தக் கீழ் கோட்டைப் பாத்துச் சொல்லுவீங்களே? கதிரை இழுபடுற சத்தம் கேட்டுது. நான் கிணத்தடியில நிண்டு திருப்புறன், அவ உள்ளுக்கிருந்து இல்லை எண்டுறா, திருப்புறன், இல்லை எண்டுறா, பொய் சொன்னாலும் எனக்குத் தெரியாது, இல்லை இல்லையெண்டு பொழுது படுமட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம், அவவுக்கு அதுதானே தேவை... ‘ஏறுது. இன்னும் கொஞ்சம். காணும் பிள்ளை, விடு.’ ஆணியை இறுக்கிப்போட்டு உள்ளுக்கு வாறன், மாமி குசினிக்குத் திரும்பிப் போயிட்டா, கதிரை கொம்பியூட்டருக்கு முன்னால தனிய நிக்குது. மவுசை அமத்தினன், படம் வந்திட்டுது, ஆரோ ஒரு மனிசி கத்தரிக்காய் பொரிச்சுக் காட்டிச் சிரிக்கிறா, வந்திட்டுது, ஓடுது, இனி ஆரும் பூசை எண்டு வாய் திறக்க ஏலாது. ஆனால் சத்தத்தைக் காணேல்லை. இதென்ன கோதாரி, இனி ஸ்பீக்கரோ? குனிஞ்சு வயரைப் பாத்தன், இறுக்கமாத்தான் கிடக்கு, மற்றப் பெட்டியையும் பாத்தன், அதுவும் சரி, டிலோனுக்கு எடுப்பமோ எண்டு நிமிரேக்கதான் றிமோட் என்ர கையில இருக்கிறதைக் கண்டன். சத்தம் அடி மட்டும் இறக்கிக் கிடக்கு. ஆர் இறக்கினது? நான்தான், வேற ஆர் இருக்கினம், அந்த மனிசியின்ர சிரிப்பு வீட்டுக்குள்ள வெடிச்ச உடன கை தன்ரபாட்டில அமத்தியிருக்கு... குசினிக்குள்ள மாமி அழுறா, இவ்வளவு நாளும் கேக்காத அழுகை, வடிவாக் கேக்குது. சத்தம் கூட்டுற பொத்தானில விரலை வச்சுக்கொண்டு நிக்கிறன். அமத்து ஜெனீற்றா, றோட்டால சனம் போகுது, அமத்து... ஏன் அமத்தாமல் நிக்கிறன்?